டெல்லிக்கு டிக்கெட் போடும் முன் வீட்டுப் பெரியவர்களின் வயதைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைப் பயணங்களை ஒட்டி உங்கள் நாளிதழின் இணைப்பில், சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போக நினைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு வந்திருந்தது. பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும், அந்த நிமிடத்திலேயே டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள், இணைய வேகம் நன்றாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். 2024 நவம்பர் 1 வரை 120 நாளாக இருந்தது 60 ஆகக் குறைந்துவிட்டது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் கிளம்புகிறவர் யார், அவருக்கு என்ன வயது, ஏணியில் ஏற அவரால் முடியுமா என்ற கேள்வி அந்தக் குறிப்பில் எங்குமே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். எந்த ரயில், எந்த வகுப்பு, எத்தனை டிக்கெட் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் மகள் டெல்லியில் இருக்கிறாள். நானும் என் கணவரும் 84 வயதான என் மாமியாரை அழைத்துக்கொண்டு அங்கே போய் வருவது வழக்கம். அத்தைக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார். விமானத்தில் போகலாம் என்றால் காது வலி வந்துவிடும் என்று மறுத்துவிடுவார். ரயிலில் என்றால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக வருவார். அவருக்காக விதிகளைப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது எங்கள் குடியிருப்பில் யார் வடக்கே கிளம்பினாலும் டிக்கெட் போடும் முன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வேயில் கீழ் பெர்த்துக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறு அல்லது ஏழு, மூன்றடுக்கு ஏ.சி.யில் நான்கு அல்லது ஐந்து, இரண்டடுக்கு ஏ.சி.யில் மூன்று அல்லது நான்கு லோயர் பெர்த்துகளை இதற்கென எடுத்து வைக்கிறார்கள். 60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கானவை இவை. கட்டணத்தில் வேறுபாடு கிடையாது. இணையத்தில் டிக்கெட் போடும்போது கோட்டா என்ற இடத்தில் 'ஜெனரல்' என்று இருப்பதை 'லோயர் பெர்த், சீனியர் சிட்டிசன்' என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான். ஜெனரலில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும் நாளில்கூட இந்த ஒதுக்கீட்டில் சில சமயம் இடம் இருக்கும். பார்க்காமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இரண்டு பேர் மட்டுமே இருக்க வேண்டும். அந்த இரண்டு பேருமே மேலே சொன்ன வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். மூன்றாவது பெயர் சேர்ந்தால் ஒதுக்கீடு கிடையாது. இரண்டு பேரில் ஒருவர் இளையவர் என்றாலும் கிடையாது. 72 வயது அப்பா, 66 வயது அம்மா, மகன், மருமகள் என்று நான்கு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால், அந்த டிக்கெட் சாதாரண டிக்கெட்டாகவே பார்க்கப்படும். மீதி இருக்கிற லோயர் பெர்த்தில் ஏதாவது அமைந்தால் அமையும். அமையாவிட்டால் அம்மாவுக்கு மிடில், அப்பாவுக்கு அப்பர் என்று வரும். குடும்பத்தோடு போகிறோம், ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் ஒன்றாக உட்கார முடியும் என்று நினைத்துத்தான் எல்லோரும் நான்கு பெயரையும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்த நல்ல எண்ணமே பெரியவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்வது இது. எனக்கு 58 வயது. பெண்களுக்கு 45 போதும் என்பதால் நானும் தகுதிக்குள் வந்துவிடுகிறேன். அத்தையையும் என்னையும் ஒரு டிக்கெட்டில் ஒதுக்கீட்டின் கீழ் முதலில் போட்டுவிடுவோம். அது உறுதியாகி எந்தப் பெட்டி என்று தெரிந்தபின், 61 வயதான என் கணவருக்குத் தனி டிக்கெட். அதில் விருப்பப் பெட்டி என்ற கட்டத்தில் எங்கள் பெட்டியின் எண்ணைக் கொடுத்துவிடுவோம். கேட்ட பெட்டியே கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்றாலும் கேட்டுவைப்பது நல்லது. அவர் அடுத்த பெட்டியில் இருந்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை. அத்தை கீழே படுத்திருக்கிறார், எதிரில் நான் இருக்கிறேன், ராத்திரி எழுந்தால் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போக முடிகிறது. அது போதும்.

ஒதுக்கீட்டில் இடம் தீர்ந்துவிட்டால் ஜெனரலிலேயே இன்னொரு வசதி இருக்கிறது. குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் டிக்கெட்டைப் பதிவு செய் என்று ஒரு தேர்வு வரும். அதைக் குறித்துவிட்டால், லோயர் இல்லாதபோது டிக்கெட் பதிவாகாது, வேறு தேதியையோ வேறு ரயிலையோ பார்க்கலாம். மேல் பெர்த்தை வாங்கிக்கொண்டு, ஏறியபின் யாரிடமாவது கெஞ்சிக்கொள்ளலாம் என்று கிளம்புவதைவிட இது எவ்வளவோ மேல். கேட்டால் மாற்றிக்கொடுக்கிற நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கீழே இருப்பவருக்கும் முதுகுவலி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். அவர் மறுத்தால் அது அவர் தப்பில்லை. ரயில் கிளம்பியபின் லோயர் ஏதாவது காலியாக இருந்தால், மேல் பெர்த் கிடைத்த மூத்தவர்களுக்கு டிக்கெட் பரிசோதகர் (டி.டி.இ.) அதைக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம். அதை நம்பியே கிளம்பவும் வேண்டாம்.

சரி, எந்த ரயில்? சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே சுமார் 2,180 கிலோமீட்டர். கூடூர், விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், இடார்சி, போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று போகிற பாதை. தினமும் ஓடுகிற ரயில்கள் என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸும். ஜி.டி. என்று நாம் சொல்கிற கிராண்ட் ட்ரங்க் 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓட ஆரம்பித்த ரயில். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல் வந்தது. இரண்டுமே சென்ட்ரலில் ராத்திரிப் பக்கமாகக் கிளம்பி, இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் ஓடி, விடியற்காலையில் புது டெல்லியில் கொண்டுபோய் விடும். ராஜதானியும் துரந்தோவும் காலையில் கிளம்பி மறுநாள் முற்பகலில் போய்ச் சேரும். அவற்றில் ஒரு பகல், ஒரு இரவு. ஆனால் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது.

உங்கள் குறிப்பில் இந்த இரண்டு வகையையும் மணிக்கணக்கிலும் கட்டணத்திலும் மட்டும் ஒப்பிட்டிருந்தீர்கள். வயதானவரோடு போகிறவர் இரவுகளை எண்ண வேண்டும். ஓடுகிற ரயிலில் ராத்திரி தூக்கம் பெரியவர்களுக்குச் சரியாக வராது. ஒரு இரவு என்றால் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது இரவில்தான் கால் வீங்கும், மாத்திரை நேரம் குழம்பும், எரிச்சல் வரும். கையில் பணம் இருந்து, தேதியும் ஒத்துவந்தால் ராஜதானியைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு விஷயம். ராஜதானி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல், பத்து சதவீத இடங்கள் விற்க விற்கக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற முறை இருக்கிறது. முதல் நாள் போடுகிறவருக்கு ஒரு விலை, ஒரு மாதம் கழித்துப் போடுகிறவருக்கு வேறு விலை. யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அதே பெர்த்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி.யிலும் அந்தத் தொல்லை இல்லை.

பகல் நேரத்தையும் யோசியுங்கள். மிடில் பெர்த்தை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் விரித்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் லோயர் பெர்த் என்பது மூன்று பேர் உட்காரும் இருக்கை. லோயர் வாங்கிவிட்டோம், பாட்டி நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே வரலாம் என்று நினைத்தால் நடக்காது. மேலே, நடுவே இருப்பவர்களுக்கும் உட்கார உரிமை இருக்கிறது. மதியம் கட்டாயம் படுத்தாக வேண்டிய உடல்நிலை என்றால் இரண்டடுக்கு ஏ.சி. நல்லது. அதில் மிடிலே இல்லை, மேலே இருக்கிற ஒருவரிடம் பேசிக்கொண்டால் போதும். மூன்றடுக்குதான் முடியும் என்றால் ஏறியதும் சக பயணிகளிடம் பக்குவமாகச் சொல்லிவைத்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் செய்வேன். அத்தையின் முழங்காலைப் பார்த்தாலே பெரும்பாலானவர்கள் தாங்களாகவே ஒதுங்கி இடம் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்லீப்பரா ஏ.சி.யா என்பதைக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மாதத்தையும் பார்க்க வேண்டும். இரவில் சென்னையை விட்டுக் கிளம்புகிற ரயில் மறுநாள் உச்சி வெயில் நேரத்தில் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பல்லார்ஷாவுக்கும் நாக்பூருக்கும் பக்கத்தில் இருக்கும். மே மாதத்தில் நாட்டிலேயே அதிகம் கொதிக்கிற இடங்களில் நாக்பூர் இருக்கிற விதர்பா பகுதியும் ஒன்று. ஸ்லீப்பர் ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். இளைஞர்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடந்துவிடுவார்கள். எண்பது வயதுக்காரருக்கு அந்த ஐந்தாறு மணி நேரம் ஆபத்தானது. நீரிழிவும் ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கிறவர்கள் சீக்கிரம் வாடிவிடுகிறார்கள். அதனால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை பெரியவர்களோடு ஸ்லீப்பர் வேண்டாம் என்பேன். பணம் போதவில்லை என்றால் பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்கோ அக்டோபருக்கோ மாற்றிக்கொள்ளலாம். டெல்லியிலும் அப்போதுதான் பகலில் வெளியே தலைகாட்ட முடியும்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் வேறு பிரச்சினை. ஆக்ராவைத் தாண்டி டெல்லி வரை பனிமூட்டம். எதிரில் சிக்னல் தெரியாத அளவுக்கு மூடிவிடும். ரயில்கள் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அது பாதுகாப்புக்காகச் செய்கிற காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடியற்காலை வந்து சேர வேண்டிய ரயில் மத்தியானம் வரலாம், சாயங்காலமும் ஆகலாம். அதற்கேற்றபடி நாம் திட்டம் போட வேண்டும். மாத்திரையை இரண்டு நாளுக்கு என்று எண்ணி எடுத்துக்கொள்ளாமல் நான்கு நாளுக்காவது கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடக் கூடாது. கம்பளி உடைகளும் அப்படித்தான். போபால் தாண்டியபின் நடு ராத்திரியில் சூட்கேஸை இழுத்துத் திறந்து ஸ்வெட்டர் தேடுவது எல்லோருக்கும் தொந்தரவு.

டெல்லியில் இறங்கி அன்றைக்கே ஹரித்வாருக்கோ அமிர்தசரஸுக்கோ வேறு ரயில் பிடிக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் போட்டு, முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போயிற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு டிக்கெட்டின் பதிவு எண்களை (பி.என்.ஆர்.) இணைத்துக்கொள்கிற வசதி இருக்கிறது. பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைத்திருந்தால், முதல் ரயில் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டபோது அதன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதேபோல், நீங்கள் ஏற வேண்டிய நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் பயணம் செய்யாமல் விட்டால் முழுக் கட்டணமும் கேட்கலாம். பணம் ஒருபுறம் இருக்கட்டும். பெரியவர்களோடு போகும்போது அன்றைக்கே அடுத்த ரயில் வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி டெல்லியில் தங்கி, குளித்து, காலை நீட்டிப் படுத்து, மறுநாள் கிளம்புங்கள்.

எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதை உங்கள் குறிப்பு தொடவே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி.யும் புது டெல்லிக்குப் போகின்றன. சென்னையிலிருந்து போகும் ராஜதானியும் துரந்தோவும் டெல்லியிலேயே இருக்கிற இன்னொரு நிலையமான ஹஸ்ரத் நிஜாமுதீனோடு நின்றுவிடும். டிக்கெட்டில் என்.டி.எல்.எஸ். என்று இருந்தால் புது டெல்லி, என்.இசட்.எம். என்றால் நிஜாமுதீன். அழைத்துப் போக வருகிறவரிடம் டெல்லி ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னால் அவர் எங்கேயோ நிற்பார். புது டெல்லி நிலையத்துக்கே இரண்டு வாசல்கள். ஒரு பக்கம் பஹாட்கஞ்ச், இன்னொரு பக்கம் அஜ்மேரி கேட். நடுவில் 16 நடைமேடைகள். மெட்ரோ நிலையமும் விமான நிலையத்துக்குப் போகிற மெட்ரோவும் அஜ்மேரி கேட் பக்கம் இருக்கின்றன. கைத்தடியோடு வருகிறவரை ஒரு பக்கம் வெளியே அழைத்துவந்துவிட்டு, கார் மறுபக்கம் நிற்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு வேதனை! அதனால் எந்த வாசல் என்பதைச் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே மகளிடம் பேசி முடிவு செய்துவிடுவோம். சக்கர நாற்காலி தேவை என்றால் அதற்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 139 என்ற எண்ணில் விசாரிக்கலாம். சுமைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டடுக்கில் 50 கிலோ வரை இலவசம். ஆனால் 40 கிலோவைத் தூக்கப் போவது யார்? இரண்டு சிறிய பைகளாகப் பிரித்தால் லோயர் பெர்த்துக்கு அடியில் சுலபமாகப் போகும்.

திரும்பி வருகிற டிக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும் டிக்கெட் உறுதியானதும் நிம்மதியாகி, வருகிற டிக்கெட்டை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மே 10 கிளம்பி மே 25 திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும் டிக்கெட்டுக்கு மார்ச் 11 காலை முன்பதிவு திறக்கும். வரும் டிக்கெட்டுக்கு மார்ச் 26. இரண்டையும் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். மார்ச் 26 அன்று கிடைக்காவிட்டால் மே 24, மே 27 என்று எந்தத் தேதிகளுக்கு மாறலாம் என்பதையும் வீட்டில் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். காலை 8 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு, பேரனின் பள்ளி என்றைக்குத் திறக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, முன்பதிவுக் கணக்கை ஆதாரோடு சரிபார்த்துவைத்துக்கொள்ளுங்கள். திறக்கிற நேரத்தில் அப்படிச் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழிவிடுகிறார்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் எனும் கடைசிப் பயணிகள் பட்டியல் போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால், அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. ஆர்.ஏ.சி., அதாவது தனி பெர்த் உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் என்றால் ஏறலாம், ஆனால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும். இரண்டு இரவு அப்படி உட்கார்ந்து வரப் பெரியவர்களால் முடியாது. கடைசி நேர முன்பதிவான தட்கலை நம்பலாமா என்று கேட்பார்கள். பயணத்துக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு மற்ற வகுப்புகள் என்று திறக்கிறது. ஆனால் தட்கலில் மூத்தவர்களுக்கான லோயர் ஒதுக்கீடு கிடையாது. அவசரச் சாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டியிருந்தால் வேறு வழியில்லை. திட்டமிட்டுப் போகிற பயணத்துக்குத் தட்கல் வேண்டாம்.

இனி ரயில்வே நிர்வாகம் செய்ய வேண்டியது. உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டால் அவர்கள் காதில் விழும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்த ஒதுக்கீடு இரண்டு மூத்தவர்களுக்குக் கிடைக்கிறது, தனியாகப் போகும் ஒரு மூத்தவருக்குக் கிடைக்கிறது. 84 வயதுப் பாட்டியும் அவரைக் கவனித்துக்கொள்ள 30 வயதுப் பேத்தியும் ஒரே டிக்கெட்டில் போனால் கிடைப்பதில்லை. துணை அதிகம் தேவைப்படுகிற முதியவர்தான் இளையவர் ஒருவரோடு போவார். அவருக்கே கதவு மூடியிருக்கிறது. பாட்டிக்குத் தனி டிக்கெட், பேத்திக்குத் தனி டிக்கெட் என்று போட்டால் லோயர் கிடைக்கும். ஆனால் இருவரும் வேறு வேறு பெட்டியில் போக நேரலாம். லோயர் வேண்டுமா, துணை வேண்டுமா என்று குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இது. 75 வயதைத் தாண்டிய ஒருவரோடு எந்த வயதுத் துணையும் ஒரே டிக்கெட்டில் வரலாம் என்று மாற்றினால் போதும். துணைக்கு லோயர் வேண்டாம். அதே பெட்டியில் மிடிலோ அப்பரோ கொடுக்கட்டும். இது புதிய யோசனையும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் இரண்டு லோயரும் இரண்டு மிடிலும் ஒதுக்கி, உடன் வருகிறவருக்கும் அதிலேயே இடம் கொடுக்கிறார்கள். அதே முறையைக் கொஞ்சம் நீட்டினால் ஆயிற்று.

அதுவரைக்கும் குறைந்தபட்சமாக ஒன்று செய்யலாம். மூன்று, நான்கு பெயர்களை நிரப்பும்போது அதில் ஒருவருக்கு 60க்கு மேல் வயது என்று முன்பதிவுப் பக்கத்துக்குத் தெரிகிறது. நாம்தானே வயதைக் கொடுக்கிறோம்! அந்த இடத்திலேயே, இவரைத் தனி டிக்கெட்டில் போட்டால் லோயர் ஒதுக்கீடு கிடைக்க வாய்ப்புண்டு என்று இரண்டு வரி காட்டட்டும். தமிழிலும் காட்டட்டும். நிலையக் கவுன்ட்டரில் கொடுக்கிற முன்பதிவுப் படிவத்திலும் அதே இரண்டு வரியை அச்சிடட்டும். கவுன்ட்டருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள்தான்.

மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, அதாவது ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதற்குப் பணக் கணக்கு பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். லோயர் பெர்த் விதியை மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை. அதே பெர்த், அதே கட்டணம். ஏறுகிறவர் மட்டும் அதற்கு உரியவராக இருப்பார். அதனால் இதையாவது உடனே செய்யலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பயணக் குறிப்பு போடும்போது ஒதுக்கீட்டுக்கான வயது, ஒரு டிக்கெட்டில் எத்தனை பேர், எந்த ரயில் எந்த நிலையத்தில் நிற்கிறது ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்தைப் படிக்க முடியாதவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும்படி இருக்கட்டும். தீபாவளியையொட்டி டெல்லி போகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே டிக்கெட் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
சென்னை